பெயரோடு ஒட்டி வரும் 'சான்'

ஜப்பானில் ஒருவரைக் கூப்பிடும்போது பெயருக்குப் பின்னால் 'சான்' சேர்ப்பார்கள். நம் பேச்சில் வரும் 'ங்க' போல ஒரு மரியாதை அது. தபால்காரருக்கும் சான், கடைக்காரருக்கும் சான், தரை துடைப்பவருக்கும் அதே சான்தான். அறுபது வயதுப் பெரியவரைப் பத்து வயதுப் பையன் 'வாடா' என்று கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளை, அங்கே போன முதல் நாளே தன் பெயரோடு அந்தச் சின்னச் சொல் ஒட்டி வருவதைக் கேட்கும்.

கல்லூரிப் படிப்புக்கு நடுவே ஓராண்டு ஜப்பானில் தங்கி, அந்த நாட்டு மொழியையும் பண்பாட்டையும் படிக்க ஜப்பான் அரசே பணம் தருகிறது. 'மெக்ஸ்ட்' எனப்படும் அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் உதவித்தொகைகளில் இதுவும் ஒன்று. மாதம் 1,17,000 யென். நம் பணத்தில் 65 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வரும். கல்விக் கட்டணம் கிடையாது. போகவும் வரவும் விமான டிக்கெட்டும் அவர்கள் செலவு.

இதற்கு நிபந்தனை ஒன்று உண்டு. ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாக எடுத்து இங்கே இளங்கலை படித்துக்கொண்டிருக்க வேண்டும். திரும்பி வந்து அந்தப் பட்டத்தை முடிக்கவும் வேண்டும். பிளஸ் 2 முடித்ததும் பொறியியல், நர்சிங், கிடைக்காவிட்டால் பி.காம். என்று ஓடும் நம் ஊர்களில் இப்படி ஒரு பட்டம் இருப்பதையே யாரும் சொல்வதில்லை. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், சாந்திநிகேதனின் விஸ்வபாரதி போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களில் இது உண்டு. ஜப்பானிய மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. சேர்க்கைக்கு 'கியூட்' நுழைவுத் தேர்வு. பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடம் அங்கே சட்டப்படி நம்முடையது.

ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான். இளங்கலையிலேயே வெளிநாட்டில் ஓராண்டு படிக்க நினைக்கும் தலித் மாணவருக்கு அதில் இடமில்லை. அதனால்தான் இந்த ஜப்பான் வழியை இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்.

"எங்களுக்கு இங்கிலீஷே தகராறு, ஜப்பான் பாஷை எப்படி?" என்று கேட்பீர்கள். உண்மையில் தமிழ் தெரிந்தவருக்கு ஜப்பானிய வாக்கியம் எளிது. 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்ற அதே வரிசையில்தான் அவர்களும் சொல்கிறார்கள். ஊருக்கு, ஊரில் என்று நாம் பின்னால் உருபு ஒட்டுவதுபோல அவர்களும் ஒட்டுகிறார்கள். கேள்வி கேட்க நாம் கடைசியில் 'ஆ' போடுகிறோம், அவர்கள் 'கா' போடுகிறார்கள். இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றே ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எழுத்துத்தான் கடினம். அன்றாட வாசிப்புக்கென்று அரசு வகுத்துள்ள காஞ்சி எழுத்துகள் மட்டும் 2,136. அதற்குத்தான் அங்கேயே தங்கிப் படிக்கும் ஓராண்டு வேண்டும்.

அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்த பிறகு இன்னொரு ஜப்பான் கண்ணில் படும். தோல் பதனிட்டவர்கள், இறைச்சி வெட்டியவர்கள், பறை போன்ற தோல் கருவிகளைச் செய்தவர்கள் அங்கேயும் ஒதுக்கப்பட்டார்கள். அவர்களைக் குறித்த பழைய பெயர்களில் ஒன்றின் எழுத்துகளுக்கு 'மிகுந்த அழுக்கு' என்று பொருள். இன்னொன்றுக்கு 'மனிதர் அல்லாதவர்' என்று பொருள். 1871இல் அரசு ஆணையிட்டு அந்தப் பெயர்களை ஒழித்தது, ஆனால் ஒதுக்குதல் ஒழியவில்லை. முகத்திலோ நிறத்திலோ மதத்திலோ வேறுபாடு இல்லாதவர்களை அவர்கள் பிறந்த ஊரை வைத்து அடையாளம் கண்டார்கள். அந்த ஊர்களின் பட்டியலைப் புத்தகமாக்கி, வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு இரகசியமாக விற்றது 1975இல் அம்பலமானது. அவர்கள் வாழுமிடத்தைக் குறிக்கும் 'புராக்கு' என்ற சொல்லுக்கு வெறும் குடியிருப்பு என்றுதான் பொருள். நம் 'சேரி'யும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் கூடிச் 'சுய்ஹெய்ஷா' என்ற சமத்துவ இயக்கத்தைத் தொடங்கினார்கள். அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கியதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு அது. 1961இல் கோச்சி நகரின் நாகஹாமா பகுதியில் புராக்குத் தாய்மார்கள் பாடப்புத்தகம் இலவசமாக வேண்டும் என்று போராடினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பான் பிள்ளைகள் எல்லோருக்கும் அது சட்டமாகவே கிடைத்தது. இன்று அங்கே பாடப்புத்தகத்துக்குக் காசு கொடுக்காத எந்தப் பெற்றோருக்கும் இந்தக் கதை தெரியுமா என்பது வேறு விஷயம்.

இஷிகாவா கசுவோவின் கதையை அவர்கள் மொழியில் படிக்க வேண்டும். புராக்கு இளைஞரான அவர் 1963இல் ஒரு மாணவியைக் கொன்றதாகக் கைதானார். அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட மிரட்டல் கடிதம் முக்கியச் சாட்சியம். ஆனால் பள்ளிப் படிப்பை வறுமையால் இழந்த அவருக்கு எழுதப் படிக்கவே சரியாகத் தெரியாது. எழுத்தைச் சிறையில்தான் கற்றார். முதலில் தூக்கு, பிறகு ஆயுள் தண்டனை. 1994இல் பரோலில் வெளியே வந்தவர், மறுவிசாரணை கேட்டுக்கொண்டே 2025 மார்ச்சில் தன் 86ஆம் வயதில் இறந்தார்.

பாகுபாட்டை நீக்குவதற்கென்றே 2016இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஆனாலும் ஜப்பானில் இதைப் பற்றிச் சத்தமாகப் பேசுவது குறைவு. செர்ரிப் பூவும் அனிமேயும் பார்க்க மொழி வேண்டாம். இந்த மௌனத்தைக் கேட்கத்தான் மொழி வேண்டும். சாதி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லாத ஒரு மாணவரோ மாணவியோ அங்கே போய் உட்கார்ந்தால், அவர் கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும். நாரா மாகாணத்தின் கோசே நகரில் சுய்ஹெய்ஷா அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போகிறவர் தம் ஊர்த் தெருவைப் பற்றி ஜப்பானிய மொழியில் நான்கு வரி சொல்லத் தெரிந்து போகட்டும்.

இந்த உதவித்தொகைக்கான அறிவிப்பு பொதுவாக ஆண்டின் தொடக்கத்தில் வரும். விவரங்களை இந்தியாவில் உள்ள ஜப்பான் தூதரகத்திடம் கேட்கலாம். சென்னையிலும் அதன் துணைத் தூதரகம் உண்டு. பிளஸ் 2 படிக்கும் பிள்ளைகள் முதலில் கவனிக்க வேண்டியது கியூட் விண்ணப்பத்தின் கடைசி நாளை.