யே ஹுவாவை மன்னிக்கலாமா? திரிங்காப் பாட்டியின் தீர்ப்பு

கேமரன் மலை, திரிங்காப்பில் நாங்கள் ஒளிப்பதிவு செய்த உரையாடலைப் பார்க்கத் தவறியவர்களுக்காக அதன் சாரத்தை இந்த வாரம் எழுதுகிறேன். தலைப்பு, சீன மாயாஜாலத் தொடர்களின் கதைமாந்தர்கள். 'தமிழர்கள் கூடிப் பேச இதுதானா கிடைத்தது?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் மலையேறினேன்.

பிரிஞ்சாங்கைத் தாண்டி கம்போங் ராஜாவுக்குப் போகும் வழியில் இருக்கிறது திரிங்காப். சீனர்களின் காய்கறித் தோட்டங்கள், சற்றுத் தள்ளித் தேயிலை. இங்கே சீனத் தொடர் பார்ப்பது நேற்று வந்த பழக்கமல்ல. டிவி2, டிவி3 காலத்திலிருந்தே மலாய் வசனவரிகளோடு பார்த்துப் பழகியவர்கள். 2019இல் ஐச்சீயி அஸ்ட்ரோவோடு கைகோத்த பிறகு கைத்தொலைபேசியிலும் இதே கதைதான். மலாய் வாசிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்கிறாள். இந்தப் பேத்தியை மறந்துவிடாதீர்கள், பிறகு வருவாள்.

அன்று மண்டபத்தை இரண்டாகப் பிரித்தவன் யே ஹுவா. 2017இல் வந்த 'எட்டர்னல் லவ்' தொடரின் நாயகன். மொத்தம் 58 பாகங்கள். பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம் இது. பாய் சியான் என்ற நரிக்குலத் தேவதை நினைவிழந்து, சூ சூ என்ற மானிடப் பெண்ணாக வாழ்கிறாள். தேவலோக இளவரசன் யே ஹுவா அவளை மணக்கிறான். (உண்மையில் அவள் அவனைவிட ஏறத்தாழ 90,000 வயது மூத்தவள்! இதற்கு மண்டபத்தில் யாருமே ஆட்சேபம் சொல்லவில்லை என்பது எனக்கு ஆச்சரியம்தான்.) தேவலோகத்தில் சூ ஜின் என்பவள் செய்த சதியால், அவளுடைய கண்களைப் பறித்தவள் என்ற பழி சூ சூ மேல் விழுகிறது. கண்ணுக்குக் கண் என்பது தீர்ப்பு. அதைவிடக் கொடிய தண்டனை வரக்கூடாது என்று, கணவனே தன் கையால் மனைவியின் கண்களை எடுக்கிறான். பிள்ளையைப் பெற்றெடுத்த பிறகு, பார்வையில்லாத அந்தப் பெண் தேவலோகத்து மேடையிலிருந்து குதித்துவிடுகிறாள். பின்னாலேயே அவனும் குதிக்கிறான்.

இளம்பெண்கள் பெரும்பாலும் அவன் பக்கம். அவளைக் காப்பாற்றத்தானே செய்தான், 300 ஆண்டுகள் அவளையே நினைத்து வாழ்ந்தானே என்பது அவர்கள் வாதம். தாய்மார்கள் விடவில்லை. சபைக்குப் பயந்து சீதையைக் காட்டுக்கு அனுப்பிய கதைதானே இது என்றார் ஒருவர். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி எழுந்தார். தம் கணவரும் 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லித்தான் கேட்காமலேயே சங்கிலியை அடகு வைத்தாராம். சங்கிலி திரும்பி வரவில்லை. சிரிப்பொலி எழுந்தது. பாட்டி சிரிக்கவில்லை.

அப்போதுதான் காய்கறித் தோட்டத்துச் சீன அம்மா ஒருவர் மலாயில் ஒரு விளக்கம் சொன்னார். யே ஹுவா செய்தது சரி என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் சூ சூ பட்ட துன்பத்தை நாம் பார்க்கும் விதமே வேறு என்றார். அவர் சொன்ன சொல் 'ஜியே'.

வீடு திரும்பியதும் இந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தேன். பௌத்தத்தோடு சீனாவுக்குப் போன நம் 'கல்பம்' என்ற வடசொல்தான் சீன வாயில் சுருங்கி 'ஜியே' ஆகியிருக்கிறது! நெடுங்காலத்தைக் குறித்த சொல், பிறகு அந்தக் கால முடிவில் வரும் பேரழிவையும் குறித்தது. இன்றைய தொடர்களில் 'தாண்டியே ஆகவேண்டிய சோதனை' என்று பொருள். 'சியான்சியா' எனப்படும் இந்தக் கதைகளில் தேவர்கள் எல்லாருமே பிறவித் தேவர்கள் அல்லர். மனிதனோ நரியோ மீனோ தவம் செய்து படிப்படியாக உயரலாம். ஒவ்வொரு படியிலும் ஒரு ஜியே உண்டு. சூ சூவாக அழுத வாழ்க்கை முழுவதும் பாய் சியானுக்கு ஒரு ஜியே. அதைத் தாண்டியதால்தான் அவள் பெருந்தேவதை ஆகிறாள்.

இப்போது பேத்திக்கு வருவோம். அந்த இடங்களில் எல்லாம் அவள் பாட்டிக்குச் சொல்லி வந்த சொல், 'கர்மவினை'. பாவம், அவளுக்குத் தெரிந்த சொல் அதுதான். வினை என்றால் முன்பு செய்த ஏதோ ஒன்றுக்குக் கூலி. ஜியே என்றால் இனி ஏறப்போகும் படிக்கு விலை. ஒன்றில் சூ சூ குற்றவாளி, இன்னொன்றில் தேர்வு எழுதும் மாணவி. ஒரே காட்சியைப் பார்த்து இரண்டு வீட்டார் இரண்டு விதமாக அழுவது இதனால்தான்.

2018இல் வந்த 'ஆஷஸ் ஆஃப் லவ்' தொடரின் ருன் யூ விஷயத்தில் பேத்தி இன்னும் துணிச்சல்காரி. அவனைக் 'கர்ணன்' என்றே அறிமுகப்படுத்திவிட்டாளாம். தேவலோக அரசனின் மூத்த மகன். அவனை மறைத்து வைக்க, பெற்ற தாயே அவன் உடம்பின் செதில்களைப் பிடுங்குகிறாள். அந்தத் தாயும் பிறகு கொல்லப்படுகிறாள். தம்பிக்கு எல்லாம் கிடைக்கிறது, காதலும்கூட. பிறகு இவன் சூழ்ச்சி செய்து அரியணையைப் பிடிக்கிறான். லோ யுன்ஷி நடித்த இந்தப் பாத்திரத்துக்கு நாயகனைவிட அதிகக் கைதட்டல் அன்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1964இல் சிவாஜி கணேசனைக் கர்ணனாகப் பார்த்து அழுததிலிருந்து, பாஞ்சாலியைச் சபையில் துகிலுரியச் சொன்னவர்களில் கர்ணனும் ஒருவன் என்பதை நாம் வசதியாக மறந்துவிட்டோம். ருன் யூ பட்டது கொடுமைதான். அதற்காக ஜின் மீயை ஏமாற்ற அவனுக்கு யார் உரிமை கொடுத்தது?

நிகழ்ச்சி முடியும்போது பனி இறங்கிவிட்டது. பாட்டியிடம் ஜியே விளக்கத்தைச் சொல்லி, "இப்போதாவது யே ஹுவாவை மன்னிப்பீர்களா?" என்று கேட்டேன். பாய் சியான் பின்னால் தன் கண்களைச் சூ ஜினிடமிருந்து திரும்பப் பெறும் காட்சியை மூன்று முறை பார்த்தாராம். "சோதனை வைக்கட்டும், வேண்டாங்கல. கண்ணு அவளோடதுதானே? அவளைக் கேட்டானா?" என்றார். பக்கத்தில் நின்ற சீன அம்மாவுக்குப் பேத்தி அதை மலாயில் சொன்னாள். அவரும் தலையாட்டினார்.