பித்தளைக்கு எந்த அனீலிங் மெஷின்? – எபிசோட் எழுத்து வடிவம்

மணலியில இருந்து பேசுறேன். இன்னிக்கு பித்தளையை அனீலிங் பண்ற மெஷினை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு பார்ப்போம்.

இணையத்துல இதைத் தேடினா, வெளிநாட்டுல வீட்டிலேயே தோட்டா நிரப்புறவங்களுக்கான மெஷின்கள்தான் முதல்ல வரும். இந்தியாவுல 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்க முடியாது. ஆனா அந்த மெஷின் செய்யிற வேலை நம்ம பட்டறைக்கும் தேவை. தோட்டாக் கூடு 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த பித்தளை. நாம அழுத்தியும் வளைச்சும் செய்யிற பல பித்தளைச் சாமான்களும் கிட்டத்தட்ட அதே உலோகம்தான்.

பித்தளையை அடிச்சாலும் இழுத்தாலும் அது கெட்டியாகும், உள்ளுக்குள்ள இறுக்கம் தங்கிடும். வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது. பிரிட்டிஷ் காலத்துல, மழைக்காலம் முடியிற வரைக்கும் குதிரை லாயங்கள்ல வைச்சிருந்த தோட்டாக்கள் தானா வெடிப்பு விட்டுச்சு. அதனால அதுக்கு ‘சீசன் கிராக்கிங்’னு பேரு. குதிரை மூத்திரத்துல இருந்து வந்த அமோனியா, ஈரம், உள் இறுக்கம் மூணும் சேர்ந்ததுதான் காரணம்னு 1921-ல விளக்கம் வந்துச்சு.

இது நமக்குப் பழைய கதை இல்ல. மணலியில உரத் தொழிற்சாலை இருக்கு. எண்ணூர்ல 2023 டிசம்பர் 26 ராத்திரி கடலடிக் குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்சு, பலர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அமோனியா நேரடியா ஓடுற லைன்ல பித்தளையே கூடாது. அது பக்கத்துல வர்ற இடத்துலகூட, இறுக்கம் எடுக்காத ஒரு நட்டு விரிசல் விட்டா பாதிப்பு அந்த நட்டோட நிக்காது.

சரி, மெஷினுக்கு வருவோம். முதல் கேள்வி விலை இல்ல. உங்களுக்கு எது வேணும்ங்கிறதுதான். இறுக்கம் மட்டும் போகணுமா? அப்போ சுமார் 250–300 டிகிரி செல்சியஸ்ல ஒரு மணி நேரம் போதும், கெட்டித்தன்மை பெருசா குறையாது. இதுக்கு கன்ட்ரோலர் வைச்ச சின்ன எலக்ட்ரிக் ஃபர்னஸ்தான் சரி. தெர்மோகப்பிள் பொருளுக்குப் பக்கத்துல இருக்கணும், சுவர் ஓரமா இல்ல.

மறுபடி வளைக்கிற அளவுக்கு ஒரு முனை மட்டும் மிருதுவாகணுமா? அங்கே கேஸ் சுடர் இல்லன்னா இண்டக்ஷன். தோட்டாக் கூட்டுலயும் இதே கதைதான்: வாய் மிருதுவாகணும், அடி கெட்டியாவே இருக்கணும். கேஸ் சுடர் மெஷின் மலிவு. ஆனா காத்து அடிச்சாலோ, சிலிண்டர் அழுத்தம் குறைஞ்சாலோ சூடு மாறும். இண்டக்ஷன்ல நேரத்தை வினாடிக் கணக்குல செட் பண்ணலாம். நூறாவது பொருளும் முதல் பொருள் மாதிரியே வரும்.

இண்டக்ஷன் வாங்கப் போறவங்க ஒண்ணு கவனிங்க. கடையில இரும்பு போல்ட்டைச் சிவக்க வைச்சுக் காட்டுவாங்க. இரும்பு காந்தத்துக்கு இழுபடும், சீக்கிரம் சூடாகும். பித்தளை அப்படி இல்ல. உங்க சாமானைக் கையோட எடுத்துட்டுப் போய், அதையே சூடாக்கிக் காட்டச் சொல்லுங்க.

உருக்கின உப்புத் தொட்டியை நான் சொல்ல மாட்டேன். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் உப்பு தெறிச்சு உடம்பைச் சுட்டுடும்.

கண்ணை நம்பாதீங்க. மங்கலான வெளிச்சத்துல லேசா சிவப்பு தெரிஞ்சாலே 500 டிகிரி ஆகியிருக்கும். இன்னும் ஏறினா பித்தளைக்குள்ள மணி பெருசாகி பலம் போயிடும். குறிப்பிட்ட சூட்டுல உருகுற டெம்பரேச்சர் சாக்கால கோடு போட்டுப் பார்க்கிறது எவ்வளவோ மேல். சூடானதைத் தண்ணியில போட்டாலும், தானா ஆற விட்டாலும் இந்தப் பித்தளைக்கு ஒண்ணுதான். எஃகு மாதிரி கெட்டியாகாது.

கடைசியா, செஞ்சது சரியான்னு தெரியணும்னா ஒரு சாம்பிளை லேபுக்கு அனுப்புங்க. அமோனியா ஆவியில வைச்சுப் பார்க்கிற சோதனை இருக்கு. இறுக்கம் மிச்சம் இருந்தா அங்கேயே விரிசல் விட்டுக் காட்டிக் கொடுத்துடும். சைட்ல போய் விடுறதுக்கு லேப்ல விட்டா நல்லதுதானே. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.