பனி விளையாட்டும் மலையகத்து ரசிகரும்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஏறத்தாழ இரண்டு வார காலம், பனிமலையைக் கண்ணால் கண்டறியாத கோடானுகோடி மக்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து, வெண்மையைத் தவிர வேறு நிறமில்லாத சரிவுகளில் மனிதர்கள் பாய்வதையும் வழுக்குவதையும் விழுந்து எழுவதையும் பார்த்து மெய்ம்மறக்கிறார்கள். 1924ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு ஷமோனியில் ஆரம்பித்த குளிர்கால ஒலிம்பிக், 1956இல் இத்தாலியின் கோர்டினாவில் நடந்தபொழுதுதான் முதன்முதலாக நேரடியாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. எழுபது ஆண்டுகள் கழித்து, 2026 பெப்ரவரியில், மிலானோவுடன் சேர்ந்து அதே கோர்டினா மீண்டும் அவ்விழாவை ஏற்று நடத்தியது. இடைப்பட்ட காலத்தில் அந்தக் காட்சி சென்று சேராத தேசம் இல்லை. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லயத்துக் கூரைகளின் மேல் நிற்கும் டிஷ் வழியாக அது நம் மலையகத்துக்கும் வந்துவிட்டது.

இவ்வாறு எப்போதாவது ஒருமுறை பார்க்கிற ரசிகரை, விளையாட்டின் நுட்பமறிந்தவர்கள் சற்று இளக்காரமாகவே எண்ணுவதுண்டு. விதி தெரியாமல் வியக்கிறார், காரணம் தெரியாமல் கலங்குகிறார், கணக்குத் தெரியாமல் கோபிக்கிறார் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. ஆனால் நம்மவருக்கு இந்த விஷயத்தில் ஒரு விசேஷமான பாக்கியம் உண்டு என்பதை அவர்கள் சிந்திப்பதில்லை. 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் போட்டி வரையில் இலங்கை எந்தக் குளிர்கால ஒலிம்பிக்கிலும் பங்குபற்றியதில்லை. கிரிக்கெட் என்றால் நம் கட்சி, எதிர்க்கட்சி என்று மனம் முன்கூட்டியே பிளவுபட்டு நிற்கும். பனி விளையாட்டில் அப்படி நமக்கென்று ஒரு கொடியும் இல்லாததால், தைரியத்தைக் கண்ட இடத்தில் கைதட்டவும், துன்பத்தைக் கண்ட இடத்தில் இரங்கவும், அநீதியைக் கண்ட இடத்தில் சினக்கவும் நம் உள்ளம் சுதந்திரமாக இருக்கிறது. இத்தகைய பட்சபாதமற்ற உணர்ச்சியை நான் பெரிதும் மதிக்கிறேன்; அதனோடு கொஞ்சம் அறிவும் சேர்ந்துவிட்டால், அதைவிடச் சிறந்த ரசனை வேறில்லை என்றும் நம்புகிறேன்.

குளிர் என்பது நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. கடல் மட்டத்துக்கு மேல் 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், தை, மாசி மாதங்களில், மேகமின்றி வானம் துலங்கும் இரவுகளில், நிலம் தன் வெப்பத்தையெல்லாம் ஆகாயத்துக்கு இழந்துவிட, புல்லின் மேலும் செடியின் மேலும் ஈரம் உறைந்து துகள் பனியாகப் படிகிறது. அது பட்ட தேயிலைக் கொழுந்து கருகுகிறது. உருளைக்கிழங்குச் செடி வாடுகிறது. கொழுந்து குறைந்தால் வேலையும் குறைகிறது. பிழைப்பைக் கெடுக்கும் ஒன்றாகவே உறைபனியை அறிந்த மக்கள், அதே பனியை மைதானமாகக் கொண்டு மனிதர்கள் விளையாடுவதைப் பார்க்கும்பொழுது, பிறரைக் காட்டிலும் அதிகமாக ஆச்சரியப்படுவது இயல்பே.

அந்த ஆச்சரியமே ரசிகரின் முதல் உணர்ச்சி; அதன் காரணம் வேகம். லூஜ் என்னும் போட்டியில், பிரேக் இல்லாத ஒரு சிறு சறுக்கு வண்டியின் மேல் வீரர் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டியவாறு, பனிக்கட்டி வாய்க்கால் ஒன்றின் வழியே மணிக்கு 130 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட வேகத்தில் இறங்குகிறார். கெண்டைக்காலின் அழுத்தத்தாலும் தோளின் சிறு அசைவாலுமே வண்டியைத் திருப்புகிறார். பார்ப்பவர் அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்வது கோழைத்தனமன்று. 2010ஆம் ஆண்டு வான்கூவர் ஒலிம்பிக் ஆரம்பமான அன்றே, ஜோர்ஜியா நாட்டு இளைஞர் நோடார் குமாரிதாஷ்விலி பயிற்சி ஓட்டத்தில் தூக்கி எறியப்பட்டு உயிர் நீத்தார் என்பதை அறிந்தவர்கள், அந்த அச்சம் நியாயமானது என்றே சொல்வார்கள்.

இங்கே புதிய ரசிகர் கேட்கும் முதற்கேள்வி, ஒருவர் ஒருவராகத்தானே இறங்குகிறார்கள், இதில் யார் யாரை முந்துவது என்பதாகும். சித்திரை வசந்த காலத்தில் நுவரெலியாவை அடுத்த மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பாதையில் நடக்கும் மோட்டார் மலையேற்றப் போட்டியைப் பார்த்தவருக்கு இதற்கு விடை சொல்ல வேண்டியதில்லை; அங்கேயும் வாகனங்கள் தனித்தனியே ஏறுகின்றன, கடிகாரம் ஒன்றே எல்லோருக்கும் எதிராளி. பனிச்சறுக்கில் ஒரு விநாடியை நூறாகவும், லூஜில் ஆயிரமாகவும் கூறிட்டு அளக்கிறார்கள். 2014இல் சோச்சியில் நடந்த பெண்களின் மலையிறக்கப் பனிச்சறுக்கில், சுவிற்சர்லாந்தின் டொமினிக் கிசினும் ஸ்லோவேனியாவின் டீனா மாசேயும் நூறில் ஒரு பங்கு விநாடியும் வேறுபடாமல் இறங்கி முடித்ததனால், இருவருக்குமே தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது.

இரண்டாவது உணர்ச்சி பரிவு. வென்றவரை உலகம் கொண்டாடுகையில், விழுந்தவர் பக்கமும் கடைசியில் வந்தவர் பக்கமும் சாதாரண ரசிகரின் மனம் சாய்கிறது. 1988இல் கனடாவின் கல்கரி நகரில், பனிப்பாய்ச்சல் போட்டிகள் இரண்டிலும் கடைசி இடம் பெற்ற இங்கிலாந்துக்காரர் மைக்கேல் எட்வர்ட்ஸ், தங்கம் வென்றவர்களைக் காட்டிலும் மக்களின் அன்பைப் பெற்றார். அதே விழாவில், உறைபனியே இல்லாத ஜமேக்காவிலிருந்து வந்த குழுவினரின் பொப்ஸ்லே வண்டி கவிழ்ந்துவிட, அவர்கள் எழுந்து அதன் அருகே எல்லைக்கோடு வரை நடந்தே சென்றபொழுது கூட்டம் கரகோஷம் செய்தது. எட்வர்ட்ஸ் போன்றவர்கள் எளிதில் நுழைய முடியாதபடி பின்னர் தகுதி விதிகள் இறுக்கப்பட்டன. ஆனால் கைதட்டியவர்களுடைய நியாயத்தை எந்த விதியாலும் மாற்ற முடியவில்லை.

அறியாமையால் நாம் செய்யும் பிழை ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டு சோல்ட் லேக் நகரில், ஆயிரம் மீற்றர் குறுந்தடப் பனிக்கட்டி ஓட்டத்தின் இறுதியில், முன்னே சென்ற நால்வரும் கடைசி வளைவில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்துவிட, எல்லோருக்கும் பின்னே வந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவன் பிராட்பரி தங்கம் வென்றார். வெறும் அதிர்ஷ்டம் என்று உலகமே சொல்லிற்று. 1994இல் மற்றொருவருடைய சறுக்குக் கத்தி தொடையைக் கிழித்து 111 தையல்கள் போடப்பட்டவர், 2000ஆம் ஆண்டில் கழுத்தெலும்பு முறிந்தவர், தம்மைவிட வேகமானவர்கள் மோதி விழக்கூடும் என்று கணித்து வேண்டுமென்றே பின்தங்கி வந்தவர் அவர் என்பதை அறிந்த பிறகு, அந்த ஓட்டத்தை மறுபடியும் பார்க்கும் கண் வேறு கண்ணாகிவிடுகிறது.

தெற்காசியாவில் நம் பரிவுக்கு உரியவர் ஒருவர் உண்டென்றால், அவர் ஷிவ கேசவன். இமயச் சாரலில் மணாலியை அடுத்த வசிஷ்ட் என்னும் சிற்றூரில் வளர்ந்த அவர், 1998இல் நாகானோவில் பதினாறு வயதில் லூஜ் போட்டியில் இறங்கி, 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக் விழாக்களைக் கண்டவர். பயிற்சிக்குப் பனிக்கட்டித் தடம் கிடையாத ஊரில், சறுக்கு வண்டியின் அடியில் சக்கரங்களைப் பொருத்திக்கொண்டு, வாகனங்களும் ஆட்டு மந்தைகளும் செல்லும் மலைப்பாதையில் இறங்கிப் பழகினார். இந்திய ஒலிம்பிக் சங்கம் தடைசெய்யப்பட்டிருந்த காரணத்தால், 2014இல் தம் தேசக் கொடியின்றியே ஆரம்ப விழாவில் நடந்தார். வளைந்து வளைந்து இறங்கும் பாதைகளின் ஓரத்தில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு, வசதியின்மையை வென்ற இந்த மலைநாட்டுப் பிள்ளையின் கதை நிச்சயம் சொல்லப்பட வேண்டும்.

மூன்றாவது உணர்ச்சி சந்தேகம். அழகுச் சறுக்காட்டத்துக்கு நடுவர்கள் புள்ளி வழங்கும்பொழுது அது எழுகிறது. கொழுந்து மடுவத்தில் தராசு காட்டும் நிறை ஒன்று, ஈரத்துக்கும் கூடைக்குமாகக் கழித்த பின் துண்டில் விழும் நிறை மற்றொன்று என்பதைத் தினந்தோறும் கண்டு, ஒரு கிலோ குறைந்ததால் முழுநாள் சம்பளமான முழுப்பேர் அரைநாள் சம்பளமான அரைப்பேராகும் வேதனையை அறிந்த தாய்மாருக்கு, பிறர் இடும் கணக்கை ஐயுறக் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்களுடைய ஐயம் வீணானதுமன்று. 2002இல் இணையர் போட்டியில் ரஷ்ய ஜோடிக்குத் தங்கம் வழங்கப்பட்டபொழுது அரங்கில் இருந்தவர்கள் ஆட்சேபித்துக் கூச்சலிட்டார்கள். பிரெஞ்சு நடுவர் ஒருவர் வற்புறுத்தலுக்கு உட்பட்டார் என்ற புகார் எழுந்து, முடிவில் கனடாவின் சலே, பெல்டியே ஜோடிக்கும் தங்கம் வழங்கவேண்டியதாயிற்று. ஆறு புள்ளியை உச்சமாகக் கொண்ட பழைய முறையே அதன் பின் கைவிடப்பட்டது. இப்பொழுது ஒவ்வொரு தாவலுக்கும் சுழற்சிக்கும் அதன் கடினத்துக்கு ஏற்ப அடிப்படைப் புள்ளி உண்டு. அதைச் செய்த செம்மைக்கு ஏற்ப அது கூடும் அல்லது குறையும். 2014இல் ஜப்பானின் யுசுரு ஹன்யு இருமுறை விழுந்தும் தங்கம் வென்றது எப்படி என்று திகைப்பவர்களுக்கு இதுவே விடை. விழுந்ததற்குக் கழித்த பின்னும், அவர் துணிந்து செய்த கடினமான தாவல்களின் மதிப்பு எஞ்சி நின்றது.

நான்காவதாக வருவது, சிரிப்பில் தொடங்கி ஈடுபாட்டில் முடியும் ஒரு விந்தை. கர்லிங் என்னும் ஆட்டத்தில் ஒருவர் ஏறத்தாழ இருபது கிலோ எடையுள்ள கருங்கல்லைப் பனித்தரையில் தள்ளிவிட, இருவர் அதன் முன்னே தும்புத்தடியைப் போன்ற ஒன்றால் தரையைத் தேய்த்துக்கொண்டே ஓடுவதைப் பார்த்தால் யாருக்கும் முதலில் சிரிப்பு வரும். தேய்க்கும் சூட்டில் பனித்தரை சற்றே இளகி உராய்வு குறைய, கல் இன்னும் தூரமாகவும் நேராகவும் செல்கிறது என்ற காரணம் புரிந்த கணத்திலிருந்து, அடுத்த கல் எங்கே நிற்கும் என்று மனம் கணக்கிடத் தொடங்கிவிடும். இவ்வாட்டம் பிறந்த ஸ்கொட்லாந்திலிருந்து வந்த துரைமாரே ஹோலிரூட், டன்கெல்ட், பெல்மோரல் என்று தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களையும் மாளிகைப் பெயர்களையும் நம் தோட்டங்களுக்குச் சூட்டினார்கள்.

வியப்பும் பரிவும் சந்தேகமும் சிரிப்பும் ஆகிய இந்த நான்கும் பாமரத்தனத்தின் அடையாளங்கள் என்று எவரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். நிபுணராக இன்று பேசுகிறவரும் ஒரு காலத்தில் இந்த நான்கின் வழியாகத்தான் உள்ளே வந்திருப்பார். ஆகவே, அடுத்த குளிர்கால ஒலிம்பிக் 2030இல் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலைகளில் நடக்கும்பொழுது, அந்தக் கல் ஏன் வளைகிறது, விழுந்தவர் எப்படி வென்றார் என்று வீட்டில் ஒரு பிள்ளை கேட்டால், பெற்றோரும் ஆசிரியரும் அக்கேள்வியை அலட்சியம் செய்யாமல், உராய்வையும் கடிகாரத்தையும் புள்ளிக் கணக்கையும் பொறுமையோடு விளக்கிச் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.