உஷார்! லீவில் வீட்டுக்குள் வரும் கருந்திரி

முழு ஆண்டுப் பரீட்சை முடியப் போகிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து அப்பா அம்மாக்களே, உஷார்! "பய சும்மாதானே கெடக்கான், பட்டாசுக்குத் திரி வெட்டிப் போடட்டும்" என்று இனி வீட்டில் பேச்சு எழும். அதை அங்கேயே நிறுத்துங்கள்.

விடியுமுன் வேன் வந்து பிள்ளைகளைப் பட்டாசு ஆலைக்கு அள்ளிக்கொண்டு போன காலம் மலையேறிவிட்டது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1996இல், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பிள்ளைகள் படிப்புப் பக்கம் திரும்பினார்கள்: 2023 பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம்தான் மாநிலத்தில் முதலிடம். காமராஜர் பிறந்த மண்ணுக்கு இது பெருமைதான். ஆனால் ஆலை கேட்டில் தடுத்த ஆபத்து, லைசென்ஸ் இல்லாத திரியாகவும் வெடியாகவும் வீட்டுக் கொல்லை வழியாக உள்ளே வருகிறது.

தாயிடமிருந்து பிள்ளைக்குக் கைவேலை மட்டும் வருவதில்லை. பயமின்மையும் சேர்ந்தே வருகிறது. "எங்காத்தா செஞ்சா, நானும் இத்தனை வருசமா செய்றேன், என்ன ஆச்சு?" இதைவிட ஆபத்தான பேச்சு இந்த வட்டாரத்தில் இல்லை. மீந்த வெடிமருந்தையே பாருங்கள். அன்று கலந்ததை அன்றே முடிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக் காலையில் குடிக்கிற வீட்டில் வளர்ந்த கை, மிச்ச மருந்தைக் கொட்டுமா? மூடி வைக்கிறது. ராத்திரி ஈரம் பட்ட அலுமினியப் பொடி உள்ளுக்குள்ளேயே சூடேறிக் கிடக்கும். காலையில் கிளறினால் போதும், அந்த உராய்விலேயே பிடித்துக்கொள்ளும். அம்மா நல்லதென்று பழக்கிய சிக்கனம்தான் அங்கே எமன். விரலெல்லாம் வெள்ளிப் பூச்சாக உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இதையெல்லாம் யார் சொல்லித் தந்தது?

2012இல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர். அத்தனையும் பெரியவர்கள் வேலை பார்க்கும் ஆலைகள். வீட்டுத் திண்ணையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். அவர்களுக்குப் பின்வந்தவர்கள் கைக்கு ஆலை வந்தது, லைசென்ஸ் வந்தது. உழைப்பால் வந்த சொத்து, குறை சொல்ல ஒன்றுமில்லை. தொழிலாளி வீட்டில் கைமாறுவது எது? பெரும்பாலும் அட்வான்ஸ். அப்பா வாங்கிய முன்பணத்தைக் கழிக்க மகனோ மகளோ வேலைக்கு வர வேண்டும் என்று ஏஜெண்ட் சொன்னால் நம்பாதீர்கள். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அது குற்றம்.

"குடும்பத் தொழில்ல ஒத்தாசை பண்ணலாம்னு சட்டமே சொல்லுதே" என்று இன்னொரு கதை கிளம்பும். பாதிதான் உண்மை. 2016 திருத்தம் பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் வீட்டுத் தொழிலுக்கு உதவ இடம் கொடுத்தது, வெடிமருந்துக்குக் கொடுக்கவில்லை. 18 வயது நிறையாத யாரையும் அதைத் தொட விடக் கூடாது. வேலைக்கு வைப்பவருக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். இரண்டில் ஒன்றாவது, சில சமயம் இரண்டுமே.

கூலி நாளைக்கே வரும், படிப்பின் பலன் வர வருஷமாகும். கஷ்டம் புரியாமல் இல்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பையனுக்குத் தமிழ்ப் புதல்வன். தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகையும் கேட்கலாம். இன்னும் பதியாதவர்கள் இந்த வாரமே பதியுங்கள். பக்கத்து வீட்டில் பிள்ளைகள் மருந்து தொடுவதைப் பார்த்தால் முகதாட்சண்யம் பார்க்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்கள். காசு செலவில்லை.