உங்களுக்குத் தெரியுமா? பிக்கப் வண்டியின் ‘டக் டக்’ சத்தம்

பழைய பிக்கப் வண்டியின் அடியில் சத்தம் வந்தால், உடனே ஷாக் அப்சார்பர் மீது பழி போட வேண்டாம். சத்தம் சேசிஸ் இரும்பு வழியே பரவும். பின்னால் எழுவது முன்னால் கேட்கலாம்.

● ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது தட்டி, இரண்டும் சேர்ந்து வேகத்தடை ஏறும்போது அடங்கினால், ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள். இரு பக்கமும் சமமாக ஏறி இறங்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கேறாது.

● பிரேக் பிடித்தால் மட்டும் ‘டங்’ என்கிறதா? முன்புற கன்ட்ரோல் ஆர்ம் புஷ் தேய்ந்திருக்கலாம்.

● பின்புற லீஃப் ஸ்பிரிங் பக்கம் கிறீச்சிட்டால், ரப்பர் புஷ்களில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளியுங்கள். எது நனைந்ததும் சத்தம் நிற்கிறதோ, கோளாறு அங்கேதான். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும்.