ஊஞ்சல் அறுந்தால் யார் பொறுப்பு?

நகரப் பூங்காவில் ஊஞ்சற் சங்கிலி அறுந்து குழந்தையின் கை முறிந்தால், “போதாத வேளை” என்று நாம் வாளாவிருந்து விடுகிறோம். சட்டம் அவ்வாறு கருதுவதில்லை.

கிளாஸ்கோ நகரப் பூங்காவொன்றில் நச்சுக்கனி தின்று ஏழு வயதுச் சிறுவன் மாண்டான். வேலியோ எச்சரிக்கையோ இல்லையென்று தந்தை தொடுத்த வழக்கு விசாரணைக்கு உரியதே என்று பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை கூறிற்று. சிறுவரைக் கவர்ந்திழுக்கும் பொருளில் ஆபத்து மறைந்திருப்பின், அதனை வைத்தவர்க்குப் பொறுப்பு மிகுதி.

தில்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து பலர் மடிந்த வழக்கில், 1966ஆம் ஆண்டில் நம் சுப்ரீம் கோர்ட் நகராட்சியையே பொறுப்பாக்கிற்று. பழுது வெளியே தெரியவில்லை என்ற சமாதானம் எடுபடவில்லை. காலந்தோறும் சோதிப்பது உடையவர் கடமையன்றோ? தெருவோரக் கட்டிடத்துக்குச் சொன்ன அந்த நியாயத்தை ஊஞ்சலுக்கும் எடுத்துரைக்கலாம்.

ஆயினும், ஓடி விளையாடுகையில் தானே இடறி விழுந்த காயத்துக்கெல்லாம் நஷ்டஈடு கிடையாது; அஜாக்கிரதை நிரூபிக்கப்பட வேண்டும். ஆதலின், துருவேறிய சங்கிலியைக் கண்டவுடன் நகராட்சிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலைப் பத்திரப்படுத்துவது நலம். மொழி தெரியாத ஊரென்று தயங்க வேண்டாம். அம்மனு வழக்குக்குச் சான்றாகுமுன்பே, ஒரு குழந்தையின் கையைக் காத்துவிடலாம்.