பாறைகளின் நடுவே பசும்புல்: ஹைதராபாத் கோல்ஃப் மைதானத்தின் கணக்கு

ஹைதராபாத்: கச்சிபௌலியை அடுத்த மணிகொண்டா, நானக்ராம்குடா பகுதியில், பல கோடி ஆண்டுகள் பழமையான கருங்கல் பாறைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கிறது போல்டர் ஹில்ஸ் கோல்ஃப் மைதானம். 18 குழிகள் கொண்ட இதை வடிவமைத்தவர், வளைகுடா நாடுகளில் பல மைதானங்களை அமைத்த பீட்டர் ஹாரடைன். பாறையில் பட்ட பந்து எத்திசையில் தெறிக்கும் என்று எவராலும் கூற இயலாது. ஆகவே இங்கு வலிமையைவிடக் குறிதவறாமையே ஆட்டக்காரருக்குத் துணை. சுற்றிலும் மாளிகை வீடுகள்.

விளையாட்டின் அளவுகோலில் இம்மைதானத்துக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கக்கூடும். ஆனால், பொதுநல அளவுகோலில்?

2002-ம் ஆண்டில் சந்திரபாபு நாயுடு அரசு, துபாயின் எமார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. மாநாட்டு மையம், நட்சத்திர ஓட்டல், கோல்ஃப் மைதானம், குடியிருப்பு ஆகியவற்றுக்காக ஆந்திரத் தொழில் கட்டமைப்புக் கழகம் சுமார் 535 ஏக்கரை ஒதுக்கியது. இதில் சுமார் 235 ஏக்கர் கோல்ஃப் மைதானத்துக்கு 66 ஆண்டுக் குத்தகையாகத் தரப்பட்டது. குடியிருப்புத் திட்டத்தில் அரசுக் கழகத்தின் பங்கு 26 சதவீதம்.

2004-ல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. அதன் பின்னர் எமார் எம்ஜிஎஃப் நிறுவனம் திட்டத்துக்குள் நுழைந்தது. இதனால் அரசின் பங்கு வெகுவாகக் குறைந்தது என்றும், மனைகள் சதுர கஜத்துக்கு 5,000 ரூபாய் எனக் கணக்கில் காட்டப்பட்டு, உண்மையில் பன்மடங்கு அதிகமாக வசூலிக்கப்பட்டது என்றும் புகார் எழுந்தது. 2011 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2012-ல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. மூத்த அதிகாரி ஒருவரும் கைதானார். மனைகளின் பத்திரப்பதிவு நிறுத்தப்பட்டதால், பணம் கட்டியவர்களும் தவிப்புக்கு உள்ளாயினர்.

நிலத்தின் உரிமையே மற்றொரு வழக்கானது. மணிகொண்டாவில் 1,654 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் தர்காவுக்குரிய வக்ஃப் சொத்து என வக்ஃப் வாரியம் கோரியது. அந்நிலம் அரசுக்கே உரியது என 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பு அரசின் கையை வலுப்படுத்தியது, கடமையையும் கூட்டியது. நிலம் மக்களுடையது எனில், அதன் வருவாய்க்கும் மக்களிடம் கணக்குக் காட்டியாக வேண்டும். 2014-ல் மாநிலம் பிரிந்தபின் இப்பொறுப்பு தெலங்கானாவின் தோளில் விழுந்தது. 2025 ஜனவரியில் எமார் தரப்புடன் முதல்வர் ரேவந்த் ரெட்டி பேச்சு நடத்தினார்.

தொழில் வளர்ச்சியின் பெயரால் அளிக்கப்பட்ட நிலம் இது. அதில் கோல்ஃப் ஆட ஒரு சிலருக்கே வாய்ப்பு உண்டு. ஆட இயலாத பெரும்பான்மையினருக்கு வருவாயிலாவது உரிய பங்கு வந்து சேர வேண்டும். எந்தச் சமரசம் எட்டப்பட்டாலும், அதன் நிபந்தனைகள் சட்டப்பேரவையின் முன் வைக்கப்படுவதே முறையாகும்.